விழுந்த மீனும் வேந்தன் முடிவும்

பண்டைத் தமிழ் வேந்தர்தம் வாழ்வு விண்மீன்களோடு பிணைந்து கிடந்தது. பிறந்த நாண்மீன் வரும் நாளைப் பெருநாளாகக் கொண்டாடினர். போருக்கு எழுமுன் நல்ல நாள் பார்த்து வெண்குடையையும் வாளையும் முன்னே செலுத்தினர். இலக்கண நூலார் இவற்றைக் குடைநாட்கோள், வாணாட்கோள் எனப் பெயரிட்டு வகுத்தனர். செங்குட்டுவன் வடதிசைக்குப் புறப்பட நல்ல முழுத்தம் இதுவெனச் சொன்னவன் அரசவைக் கணி. வஞ்சியை நீங்கி 32 திங்கள் ஆயின எனப் பின்னர் நாளெண்ணி உரைத்தவனும் கணியே எனச் சிலப்பதிகாரம் காட்டும்.

இவற்றினும் நம் கொங்கு மண்ணுக்கு அணுக்கமான சான்று ஒன்று உண்டு. நம் நொய்யல் சென்று காவிரியில் கலக்கும் கரூர்ப் பகுதியில், புகளூர்க் கல்வெட்டு இரும்பொறை மரபினரைக் குறிக்கிறது. அம்மரபினனான யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை, ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்த வேந்தன். தொகுத்தவர் கூடலூர் கிழார். பங்குனி முற்பாதியின் ஓர் இரவில் விண்மீன் ஒன்று எரிந்து வீழக் கண்ட அப்புலவர், வேந்தனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சினார். ஏழாம் நாள் வேந்தன் மறைந்தான். அத்துயரே புறநானூற்றின் 229 ஆம் பாட்டு.

இப்பாட்டில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று அளவை, மற்றொன்று அச்சம். உத்திரம் உச்சியினின்று சாய, மூலம் கிழக்கே எழ, மிருகசீரிடம் மேற்கே மறையும் வேளையைப் பழைய உரை விளக்குகிறது. இன்றும் பங்குனி முற்பாதியில் நள்ளிரவை ஒட்டி வானை நோக்குவார் இம்மூன்றனையும் ஏறத்தாழ அந்நிலையிலேயே காணலாம். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் ஒருவர் சரிபார்க்கத்தக்க கூற்று இது. பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுத்தோர், நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் இரு கோல் நட்டுத் திசையறிந்து கயிறிட்டனர் என்னும் நெடுநல்வாடைச் செய்தியும் அத்தகையதே. இந்த அளவை நமக்கு உரிய செல்வம்.

மீன் வீழ்ந்தமையால் வேந்தன் வீழ்ந்தான் என்பதோ அக்கால நம்பிக்கை. அதனை இகழ வேண்டுவதில்லை, ஏற்கவும் வேண்டுவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மறைவால்தான் கதிரவன் மறைந்தது என மக்கள் பேசினர். பெருந்துயருற்றிருந்த அந்நிலையிலும் நபிகளார் அதனை மறுத்தார்கள். கதிரும் மதியும் இறைவனின் சான்றுகள். எவர் பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை எனத் தெளிவுறுத்தினார்கள். மகனை இழந்த தந்தைக்கு ஊரார் பேச்சு ஆறுதலாகவும் பெருமையாகவும் அமைந்திருக்கும். உண்மைக்காக அதனை விலக்கிய பேராண்மை எண்ணுதற்குரியது. அச்சம் நீங்கிய இடத்தில் அறிவு தழைத்தது. தொழுகை நேரத்திற்கும் கிப்லாத் திசைக்கும் வானை அளந்த சமுதாயத்தில், உலுக் பேக் என்னும் மன்னரே 15 ஆம் நூற்றாண்டில் சமர்கந்தில் வான்நோக்ககம் அமைத்து, ஏறத்தாழ ஆயிரம் விண்மீன்களின் பட்டியலை உருவாக்கச் செய்தார்.

நம் நிலை என்ன? நாள்மீன்கள் இருபத்தேழின் பெயர்களையும் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதும் மாணவர்க்கு, அவற்றுள் ஒன்றையேனும் வானில் சுட்டிக்காட்ட இயலுவதில்லை. ஆண்டுதோறும் பிறை குறித்துக் கருத்து வேறுபாடு எழுகிறது. கண்ணால் காண்டல் வேண்டும் என்பாரும் கணக்கே போதும் என்பாரும் தத்தம் சான்றுகளை முன்வைக்கின்றனர். அதில் தீர்ப்புக் கூறுதல் நம் பணியன்று. ஆயினும் பிறை மேலைவானில் எப்பக்கம் தோன்றும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அறியாது செய்யும் வாதம் இரு சாரார்க்கும் பயன் தாராது. இதனைச் சமுதாயப் பெரியோர் சிந்திக்க வேண்டுகிறோம்.

பின்னலாடைச் சாலைகளின் விளக்கொளி நம் ஊர் வானை மறைத்திருக்கலாம்; சில கல் தொலைவு சென்றால் இருண்ட வானம் இன்னும் உண்டு. வரும் பங்குனியில் ஓர் இரவு, தமிழ்த்துறை மாணவரும் ஆசிரியரும் புறநானூற்றைக் கையிலேந்தி அங்குச் செல்வோம். கூடலூர் கிழார் கண்ட உத்திரத்தை நாமும் காண்போம். அவர் அளவையைப் போற்றுவோம். அவர் அச்சத்தை அவர் காலத்திற்கே விட்டுவிடுவோம்.