த்ராட்டிலைத் தள்ளினா தூங்குதா இன்ஜின்?



ஃப்ளைட் சிமுலேட்டரை இன்ஸ்டால் பண்ணி, மீனம்பாக்கம் ரன்வேல செஸ்னா 172-ஐக் கொண்டுவந்து நிறுத்தியாச்சு. ரூம்மேட்ஸ் நாலு பேர் சுத்தி நின்னு வேடிக்கை பார்க்கறாங்க. கெத்தா த்ராட்டிலைத் தள்ளுறீங்க. இன்ஜின் லேசா இருமிட்டு அப்படியே படுத்துடுது. ‘என்ன மச்சி, ஷேர் ஆட்டோவா?’ன்னு பின்னாடியிருந்து ஒரு குரல். அடுத்து என்ன செய்வீங்க? செட்டிங்ஸைத் திறந்து கண்ணுல பட்டதையெல்லாம் மாத்துவீங்க. அதை மட்டும் செய்யாதீங்க பாஸ்! அதைவிட, ‘ஜாய்ஸ்டிக் போச்சு, புதுசு வாங்கணும்’னு வீட்டுக்கு போன் போட்டுடாதீங்க. பாதிக் கேஸ்ல ஜாய்ஸ்டிக் நிரபராதி.

முதல் கேள்வி: கைப்பிடியா, இன்ஜினா?

காக்பிட் வியூவுக்குப் போங்க. உங்க கையில இருக்கற லீவரை மெதுவா நகர்த்துங்க. திரையில இருக்கற த்ராட்டிலைப் பாருங்க. அது அசையலையா? பிரச்னை ஜாய்ஸ்டிக் பக்கம். நீங்க முன்னாடி தள்ள, அது பின்னாடி போகுதா? கன்ட்ரோல்ஸ் மெனுவுல அந்த ஆக்சிஸை ‘ரிவர்ஸ்’ பண்ணா போதும், ஒரு க்ளிக் வேலை. த்ராட்டில் ஒழுங்கா அசையுது, ஆனா இன்ஜின் மட்டும் கம்முனு இருக்கா? பிரச்னை இன்ஜின் பக்கம். இந்த ஒரு நிமிஷ டெஸ்ட்டுலயே பாதி வேலை முடிஞ்சுது.

ஜாய்ஸ்டிக் பக்கம்

விண்டோஸ் ‘ரன்’ பாக்ஸ்ல ஜே.ஓ.ஒய் டாட் சி.பி.எல்-னு அடிச்சா ஜாய்ஸ்டிக் டெஸ்ட் பண்ற ஜன்னல் வரும். சிமுலேட்டரே இல்லாம லீவர் வேலை செய்யுதான்னு இங்கேயே பார்த்துடலாம். கை வைக்காமலே அளவு துடிக்குதா? விலை குறைஞ்ச ஜாய்ஸ்டிக்ல உள்ளே இருக்கறது பொட்டென்ஷியோமீட்டர். ஃபர்ஸ்ட் இயர் லேப்ல திருகித் திருகி வோல்டேஜ் பார்த்தோமே, அதே ஆசாமிதான். உள்ளே தூசி சேர்ந்தா அளவு தாறுமாறா குதிக்கும். லீவரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை ஆட்டிட்டு, திரும்ப காலிபரேட் பண்ணிப் பாருங்க. அப்பவும் கொஞ்சம் நடுங்கினா, சின்னதா ஒரு டெட் ஸோன் வைங்க.

இங்கே ரெண்டு நிச்சயதார்த்தம் நடந்திருக்கான்னும் பாருங்க. அதாவது, ஜாய்ஸ்டிக்கையும் கேம்பேடையும் சேர்த்து செருகியிருந்தா, ரெண்டுமே த்ராட்டிலுக்கு சொந்தம் கொண்டாடலாம். நீங்க ஏத்த ஏத்த இன்னொண்ணு இறக்கும். தேவையில்லாததைக் கழட்டிடுங்க, இல்லைன்னா மெனுவுல அந்த ஆக்சிஸை நீக்கிடுங்க.

இன்ஜின் பக்கம்

செஸ்னாவுக்கு நாலு கேள்வி. ஃப்யூயல் செலக்டர் ‘போத்’ல இருக்கா? மாஸ்டர் ஸ்விட்ச் ஆனா? மேக்னட்டோ சாவி ‘போத்’ல இருக்கா? சிவப்புக் குமிழ், அதாவது மிக்ஸர், உள்ளே தள்ளியிருக்கா? அது முழுசா வெளியே இருந்தா இன்ஜினுக்கு பெட்ரோலே போகாது. த்ராட்டிலை நீங்க எவ்வளவு தள்ளினாலும் காத்துதான்! அவசரம்னா எஃப்.எஸ்.எக்ஸ்லயும் 2020-ல வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்லயும் கன்ட்ரோல்+இ அடிச்சா இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும். ஆனா எது ஆஃப்ல இருந்துச்சுன்னு தெரியாமலே போயிடும்.

இப்போ ஒரு ஜாலி சோதனை. அதே செஸ்னாவை லே விமான நிலையத்துல நிறுத்துங்க. உயரம் சுமார் 10,700 அடி. மிக்ஸரை முழுசா உள்ளே தள்ளி வெச்சிருந்தா இன்ஜின் தடுமாறும். சாஃப்ட்வேர் கோளாறுன்னு திட்டாதீங்க. அங்கே காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்குகூட கிடையாது. காத்து கம்மி, பெட்ரோல் மட்டும் அதே அளவுன்னா எப்படி எரியும்? த்ராட்டிலை முழுசா கொடுத்து, ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்துக்கிட்டே மிக்ஸரைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே இழுங்க. முள் ஏறி, உச்சம் தொட்டு, இறங்க ஆரம்பிக்கும். திரும்ப உச்சத்துக்கு வந்து, ஒரு துளி உள்ளே தள்ளுங்க. அவ்ளோதான். இதெல்லாம் தலைவலின்னா ஆப்ஷன்ஸ்ல ‘ஆட்டோ மிக்ஸர்’ இருக்கு. ஆனா தெர்மல் பேப்பர்ல பல முறை படிச்ச காத்து-எரிபொருள் விகிதத்தைக் கண்ணால பார்க்கற சான்ஸை ஏன் விடணும்?

ஒரு இன்ஜின் மட்டும் உறுமுதா?

ரெண்டு இன்ஜின் விமானத்துல ஒண்ணு ஏறுது, இன்னொண்ணு ஏறலையா? எஃப்.எஸ்.எக்ஸ்ல இ-யை அடிச்சு 1-ஐ அடிச்சா முதல் இன்ஜின் மட்டும் செலக்ட் ஆகும். கை தவறி அழுத்தியிருப்பீங்க. இ, 1, 2-னு வரிசையா அடிங்க, ரெண்டும் உங்க பேச்சைக் கேட்கும்.

கடைசி ஒரு சென்டிமீட்டர்

ஏ320 ஓட்டுறவங்க இதைக் கவனமா படிங்க. அதுல த்ராட்டில் வழவழன்னு ஓடாது. ஐடில், க்ளைம்ப், டேக்-ஆஃப்னு படிப்படியா நிக்கும். காலிபரேஷன் சரியில்லைன்னா, நீங்க லீவரை அடிவரைக்கும் இழுத்தும் சிமுலேட்டர் ‘இன்னும் ஐடிலுக்கு வரலை’ன்னு நினைக்கும். தரையைத் தொட்டதும் இறக்கைமேல எழும்ப வேண்டிய ஸ்பாய்லர் எழும்பாது. விமானம் நிக்காம ஓடும்.

இது வெறும் கேம் மேட்டர் இல்லை. 2007 ஜூலை 17, பிரேசில், சாவ் பாவ்லோ. மழையில நனைஞ்ச ரன்வேல ஒரு ஏ320 இறங்குச்சு. ஒரு இன்ஜினோட லீவர் ஐடிலுக்கு வராம க்ளைம்ப் நிலையிலேயே இருந்ததா ரெக்கார்டர் காட்டுச்சு. ஸ்பாய்லர் எழும்பலை. ரன்வேயைத் தாண்டி ஓடி ஒரு கட்டடத்துல மோதுச்சு. 199 பேர் இறந்தாங்க.

ஒரு நேரத்துல ஒண்ணு

ஆரம்பத்துல, எல்லாத்தையும் மாத்தாதீங்கன்னு ஏன் சொன்னேன்? 1989 ஜனவரி 8. லண்டன்ல இருந்து பெல்ஃபாஸ்டுக்குக் கிளம்பின போயிங் 737-400. ஏறிக்கிட்டிருக்கும்போதே இடது இன்ஜின்ல ஃபேன் பிளேடு உடைஞ்சுது. அதிர்வு, புகை. வலது இன்ஜின்தான் கோளாறுன்னு நினைச்ச பைலட்டுகள் ஆட்டோ த்ராட்டிலை ஆஃப் பண்ணிட்டு, வலது இன்ஜினைக் குறைச்சாங்க. அதிர்வும் புகையும் குறைஞ்சுது. ‘கரெக்ட்டா கண்டுபிடிச்சுட்டோம்’னு நம்பி வலது இன்ஜினை நிறுத்திட்டாங்க. உண்மையில, ஆட்டோ த்ராட்டில் போனதால இடது இன்ஜினுக்குப் போற எரிபொருள் குறைஞ்சு, அதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கு. இறங்குறப்போ அந்த இடது இன்ஜினும் கைவிட, கெக்வொர்த் கிராமத்துக்குப் பக்கத்துல விழுந்துச்சு. 126 பேர்ல 47 பேர் உயிரோட இல்லை.

ரெண்டு விஷயம் சேர்ந்து மாறுச்சு. எதால குணமாச்சுன்னு தப்பா புரிஞ்சுது. அந்த பைலட்டுகளுக்கு யோசிக்க நிமிஷக்கணக்குலதான் நேரம். நமக்கு ‘பாஸ்’ பட்டன் இருக்கு! அதனால ஒண்ணை மாத்துங்க, மீட்டரைப் பாருங்க, ஒரு பேப்பர்ல எழுதுங்க, பிறகு அடுத்தது. நாளைக்கு ப்ராஜெக்ட் போர்டு எரியாம நிக்கும்போதும், பைக் ஸ்டார்ட் ஆகாம மானத்தை வாங்கும்போதும் இதே ரூல்தான் கைகொடுக்கும்.

காசு செலவில்லாம பழகணும்னா, ‘ஃப்ளைட்கியர்’னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சிமுலேட்டர் இலவசமாவே கிடைக்குது. ஹாஸ்டல் நெட்ல ராத்திரி டவுன்லோடு போட்டுட்டுத் தூங்குங்க. லே-யில இருந்து டேக்-ஆஃப் ஆனதும் அந்த ஷேர் ஆட்டோ பார்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

அடுத்த வாரம்: தரையைத் தொட்டதும் விமானம் ஏன் தவளை மாதிரி குதிக்குது? ஸீட் பெல்ட் போட்டு ரெடியா இருங்க மக்களே!