பட்டத்தின் பேரைப் பாருங்க... பிறகு பணத்தைக் கட்டுங்க!

திருப்பூர்,

"நான் வேலைக்குப் போனா பிள்ளையை யார் பார்த்துக்கறது?" நெருப்பெரிச்சல் பகுதியில் பனியன் கம்பெனிக்குப் போகும் தாய்மார்களின் தினசரி கவலை இது. குழந்தை வளர்ப்பு, குடும்பச் சிக்கல், முதியோர் நலன் ஆகியவற்றையே பாடமாகச் சொல்லித்தரும் பட்டப்படிப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் மனித மேம்பாடு மற்றும் குடும்பவியல். பிளஸ்-2 முடித்த மகளை இதில் சேர்க்க நினைப்பவர்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது.

எங்கே படிக்கலாம்?

நமக்கு பக்கம் கோவைதான். மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள அவினாசிலிங்கம் மகளிர் கல்வி நிறுவனம் 1957-ல் தொடங்கியது. 1988-ல் நிகர்நிலை பல்கலைக்கழகம் ஆனது. அங்கே மனித மேம்பாட்டுக்குத் தனித்துறையே உண்டு. மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில், சமுதாய அறிவியல் என்ற 4 வருட படிப்பில் இதுவும் ஒரு பாடமாக இருந்தது. முன்பு அதற்கு மனையியல் என்று பெயர். குஜராத்தின் வதோதரா பல்கலைக்கழகத்தில் முழுப்பெயரிலேயே துறை இருக்கிறது.

பேரில்தான் சிக்கல்

ஒரே மாதிரி படிப்புதான். ஆனால் சான்றிதழில் ஓரிடத்தில் மனையியல், இன்னோரிடத்தில் மனித மேம்பாடு, வேறிடத்தில் சமுதாய அறிவியல். அரசு வேலை அறிவிப்பில் எந்தப் பட்டம் வேண்டும் என்று பேர் சொல்லியே கேட்பார்கள். பேர் மாறினால், 'இணையான பட்டம்' என்று அரசாணை இருக்க வேண்டும். 'இணையல்ல' என்று அரசாணை வந்த பட்டங்களும் உண்டு. மூணு வருஷம் படித்த பிறகு இது தெரிந்து என்ன பயன்?

குழந்தைகள் வளர்ச்சி திட்ட அலுவலர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. முன்பு வெளியிட்ட அறிவிப்பை பிரவுசிங் சென்டரில் எடுத்து, கல்வித்தகுதி பகுதியைப் படித்துப் பாருங்கள்.

கேட்க வேண்டியது

யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா? பட்டச் சான்றிதழில் என்ன பேர் வரும்? நர்சரி, அங்கன்வாடி, முதியோர் இல்லத்தில் நேரடிப் பயிற்சி உண்டா? பீஸ், ஹாஸ்டல், பஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு? இந்த நாலையும் கேட்காமல் வரக்கூடாது.

வேலை கிடைக்குமா?

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டம் திருத்தப்பட்டது. கம்பெனிகள் நிறைந்த திருப்பூரில் இந்தப் படிப்புக்கு தேவை இருக்கிறது. ஆனால் காப்பகத்துக்கு படித்தவரைப் போட்டு நல்ல சம்பளம் தருகிறார்களா என்பதையும் விசாரிக்கணும். ஆலோசகர் வேலைக்கு பெரும்பாலும் மேல்படிப்பு கேட்பார்கள். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.