கதவுப்பிடிக்கு மோட்டர் பூட்டின மகான்கள்

கார்க் கதவின்ர கைபிடி அழகுக்கு வைக்கிற சாமான் இல்லை. காரில மிச்சமெல்லாம் பழுதாகிப் போனாலும் அது ஒண்டு மட்டும் வேலை செய்ய வேணும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அவசரமான ஆக்கள் இதோட போகலாம். நேரமிருக்கிற ஆக்கள் ஒரு தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு வாங்கோ.

நான் ஒஸ்லோவில ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில வேலை செய்யிறன். வேலை முடிய இரவு ஒரு மணியாகும். இந்த நாட்டில 2025இல விற்ற புதுக் கார்களில 100க்கு 95க்கு மேல மின்சாரக் கார்தான். புதுசா வாங்கின நோர்வேக்காரன் சில வருசத்தில வித்துப்போட்டு அடுத்ததுக்குப் போயிடுவான். அந்தக் கார் இரண்டு கை மாறி, கராண்டியும் முடிஞ்சு, கடைசியில எங்களை மாதிரி ஆக்களிட்ட வரும். புதுசில சொகுசு எண்டு வித்ததெல்லாம் அப்பதான் பழுதாகத் தொடங்கும். அதில முதல் ஆள் இந்தக் கைபிடி.

எந்தக் கைபிடி எண்டு கேப்பியள். கதவோட கதவா மட்டமா ஒட்டிக்கொண்டு இருக்குமே, சாவியோட கிட்டப் போனா மெதுவா வெளியில வருமே, அதுதான். 2012இல வந்த ரெஸ்லா மொடல் எஸ்தான் இதை எல்லாரும் ஆசைப்படுற சாமானா ஆக்கினது. பிறகு ஒவ்வொரு கொம்பனியும் தன்ர பங்குக்குத் தொடங்கீட்டுது.

மட்டமான கைபிடி பிழை எண்டு நான் சொல்லேல்லை. 1954இல வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரிலயும் கைபிடி மட்டமாத்தான் இருந்தது. ஒரு பக்கத்தை அமத்தினா மற்றப் பக்கம் வெளியில வரும், பிடிச்சு இழுக்கிறது. மோட்டரும் இல்லை, வயரும் இல்லை. ஆகவே பிரச்சினை மட்டமா இருக்கிறதில இல்லை. கையால செய்யிற வேலையைப் பறிச்சு மோட்டரிட்டக் குடுத்ததிலதான்.

யாழ்ப்பாணக் கம்பஸில பௌதிகவியலை அரைவாசியில விட்டிட்டு ஓடி வந்தவன் நான். ஆனா இதை விளங்க அந்த அரைவாசி காணும். பழைய வளையப் பிடி ஐஸ் பிடிச்சு இறுகினா என்ன செய்வியள்? காலை ஊண்டி முழுப் பலத்தோட இழுப்பியள். ஐஸ் உடையும். மோட்டர் அப்பிடித் தள்ளாது. தள்ளவும் விட ஏலாது, ஏனெண்டா அதுக்குள்ள ஒரு குழந்தையின்ர விரல் இருந்தா நசிஞ்சு போகும். ஆகவே அதின்ர பலத்தை வேணுமெண்டே குறைச்சுத்தான் வைக்க வேணும். விரலை நசிக்காத மோட்டர் தடிச்ச ஐஸையும் உடைக்காது.

மற்றது, உள்ளுக்க கிடக்கிற சாமான்கள். சின்ன மோட்டர், பற்சில்லு, மைக்ரோ சுவிச், வயர். கைபிடி உள்ள வெளிய போய்வர வயரும் ஒவ்வொரு தரமும் மடிஞ்சு நிமிரும். ஒரு கம்பியை மடிச்சு மடிச்சு நிமித்தினா கடைசியில முறியும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் வந்த மொடல் எஸ்களில பற்சில்லு முறிஞ்சதும், சுவிச் செத்ததும், வயர் அறுந்ததும் ஊரறிஞ்ச கதை. இங்க மேலதிகமா றோட்டில கொட்டுற உப்பும், கரைஞ்சு உள்ளுக்க போய்த் திரும்ப உறையிற தண்ணியும்.

எல்லாத்துக்கும் மேல 12 வோல்ற் பற்றறி. காருக்கு அடியில 400 வோல்ற் பற்றறி பெரிசாக் கிடக்கும், ஆனா கதவுக்குக் கரண்ட் குடுக்கிறது பெரும்பாலும் இந்தச் சின்னன்தான். அது செத்தா, பெரிசில 300 கிலோமீற்றர் ஓடச் சார்ஜ் இருந்தாலும் நீங்கள் வெளியில நிண்டு நடுங்க வேண்டியதுதான்.

என்னோட வேலை செய்யிற ஒரு தம்பி போன மாரியில மைனஸ் 16 பாகையில நிண்டவன். பஸ்ஸும் இல்லாத நேரம். சாரதிப் பக்கத்துக் கைபிடி வரவேயில்லை. பின் கதவால உள்ள பூந்து, சீற்றுக்கு மேலால ஏறித்தான் வீட்ட போனான். கராஜில முழுக் கைபிடியும் மாத்த வேணும் எண்டு 7000 குறோணர் கேட்டிருக்கிறாங்கள். வேற ஒரு கராஜ்காரன் கழட்டிப் பாத்தான், செத்தது ஒரு சின்ன சுவிச். எத்தினை மணித்தியாலம் கோப்பை கழுவினா 7000 குறோணர் வரும் எண்டு கைபிடி வரைஞ்ச மகானுக்குத் தெரியுமோ?

குளிரில நிக்கிறது பறவாயில்லை எண்டு வைப்பம். 2025 செப்ரெம்பரில அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2021ஆம் ஆண்டு ரெஸ்லா மொடல் வை கார்கள் ஏறத்தாழ 174,000 பற்றி விசாரணை தொடங்கினது. தாய் தேப்பன் வெளியில, பிள்ளை பின் சீற்றில, கதவு திறக்கேல்லை. நாலு சம்பவத்தில கண்ணாடியை உடைச்சிருக்கினம். அதே வருசம் ஃபோர்ட் கொம்பனி, 12 வோல்ற் பற்றறி இறங்கினா கதவு பூட்டினபடி நிக்கலாம் எண்டு 197,000க்கு மேற்பட்ட மாக்-ஈ கார்களைத் திருத்தக் கூப்பிட்டது. அதில இருக்கிறது இந்த எழும்பி வாற கைபிடியும் இல்லை, வெறும் மின்சார பட்டன். நோய் ஒண்டுதான். 2025 ஒக்ரோபரில சீனாவில செங்டு நகரத்தில ஷாவோமி எஸ்யூ7 கார் ஒண்டு மோதி எரியேக்க, வீதியில நிண்ட ஆக்கள் ஓடிவந்து கதவைத் திறக்கப் பாத்தினம். ஏலேல்லை. உள்ளுக்க இருந்தவர் செத்துப்போனார்.

கொம்பனிக்காரர் சொல்லுற நியாயம், காத்துத் தடை குறையும், கூடத் தூரம் ஓடும் எண்டு. குறையும்தான், ஆனா துளியளவு. கூரையில ஒரு ஸ்கீப் பெட்டியைப் பூட்டினா அந்த மிச்சம் எல்லாம் போயிடும். உண்மையான காரணம் கடையில நிக்கேக்க கார் எங்களுக்குக் கை நீட்டிற மாதிரி இருக்கிறது. எங்கட சனமும் அதில மயங்குது. சாமத்தியவீட்டு வாசலில கைபிடி எழும்பி வாறதைப் பாக்க நாலு பேர் நிக்க வேணும் எங்களுக்கு.

உதுக்குக் கடைசியில சட்டம் போட்டது ஐரோப்பா இல்லை, சீனா. 2026 பெப்ரவரியில விதி வந்திட்டுது. 2027 ஜனவரி 1 தொடக்கம் அங்க வாற புது மொடல்களில உள்ளுக்கும் வெளியிலும் கரண்ட் இல்லாமல் கையால திறக்கக்கூடிய பிடி கட்டாயம். ஏற்கெனவே அனுமதி எடுத்த மொடல்களுக்கு மேலதிகமா இரண்டு வருசம். இங்க குழந்தைச் சீற்றுக்கு ஆயிரம் சட்டம் வைச்சிருக்கிறவை, அந்தக் குழந்தையை வெளியில எடுக்கிற கதவைப் பற்றி ஏன் இன்னும் யோசிக்கினம்?

சரி, ஏற்கெனவே வாங்கின ஆக்கள் என்ன செய்யிறது?

1. உள்ளுக்க கையால திறக்கிற விசை எங்க இருக்கு எண்டு இண்டைக்கே தேடுங்கோ. பின் கதவில சிலதில பொக்கற்றின்ர அடி விரிப்புக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருக்கினம். 2017 தொடக்கம் 2023 வரை வந்த மொடல் 3 பின் கதவுகளில அப்பிடி ஒண்டே இல்லை. பிள்ளையளுக்கும் காட்டிக் குடுங்கோ.

2. 12 வோல்ற் பற்றறியை வருசத்துக்கு ஒருக்கா சோதியுங்கோ. எச்சரிக்கை வந்தா நாளைக்கு எண்டு விடாதேங்கோ. வெளியில இருந்து கரண்ட் குடுக்கிற இடம் எங்க எண்டும் படிச்சு வையுங்கோ. சிலதில முன் பம்பரில இழுவைக் கொளுக்கியின்ர மூடிக்குப் பின்னால இருக்கும்.

3. கைபிடி இறுகினா சுத்தவர கைமுட்டியால தட்டுங்கோ. திருப்புளியால நெம்பாதேங்கோ. கொதிதண்ணி ஊத்தவே வேண்டாம், கண்ணாடி வெடிக்கும், தண்ணி திரும்ப உறையும். போனால சூடாக்கிற வசதி இருந்தா வேலை முடிய இருபது நிமிசத்துக்கு முதல் போட்டு விடுங்கோ. கார் கழுவினா கைபிடியைத் துடைச்சுக் காயவிட்டு, விளிம்புக்கு சிலிக்கோன் ஸ்பிறே அடியுங்கோ.

4. கண்ணாடி உடைக்கிற சுத்தியல் வைச்சிருந்தா, கண்ணாடியின்ர மூலையில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ. இரண்டு தட்டு ஒட்டின லமினேட் கண்ணாடி எண்டா அந்தச் சுத்தியல் சரிவராது.

5. நோர்வேயில கடையில வாங்கின காருக்கு, பாவிச்சதெண்டாலும், முறைப்பாடு செய்ய 5 வருசம் வரை உரிமை இருக்கு. கராண்டி முடிஞ்சது எண்டு சொன்ன உடன தலையாட்டிப்போட்டு காசைக் கட்டாதேங்கோ. எழுத்தில கேளுங்கோ.

இனிமேல் வாங்கப் போற ஆக்களுக்கு ஒண்டு. எவ்வளவு தூரம் ஓடும் எண்டு கேக்கிறதுக்கு முதல், பற்றறி செத்தா இந்தக் கதவை வெளியில இருந்து எப்பிடித் திறக்கிறது எண்டு கேளுங்கோ. விக்கிறவர் உங்கட கண்ணுக்கு முன்னால திறந்து காட்டட்டும். காட்ட ஏலாட்டி, குடுத்த கோப்பியைக் குடிச்சிட்டு எழும்பி வாங்கோ.