ஒரு மணி நேரம் கதவைச் சாத்த விடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாருக்காவது மனப்பாரம் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

பாடசாலைக்கு வரும் பெற்றோர் அண்மைக் காலமாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். பிள்ளையின் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்து, மற்றவர்கள் போன பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "சேர், ஒன்லைன்ல கவுன்சிலிங் எடுக்கலாமாமே, அது எப்படி? நம்பலாமா?" சிலர் மகளுக்காகக் கேட்கிறார்கள். சிலர் கட்டாரிலிருந்து வந்து ஆறு மாதமாக அறையை விட்டு வெளியே வராத தம்பிக்காகக் கேட்கிறார்கள். தங்களுக்காகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் "தெரிஞ்ச ஒருவருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுக்கலாம். எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது ஒரு நிஃமத். ஆனால் அது பலன் தருவதும் தராததும் போனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உளவளத்துணையாளரின் கையில் மட்டும் இல்லை. இந்தப் பக்கம் இருக்கும் வீட்டாரின் கையிலும் இருக்கிறது.

ஏன் நிஃமத் என்கிறேன்? ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கிறார்கள், நல்ல வைத்தியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாங்கில் போய் உட்கார எத்தனை பேர் தயார்? பக்கத்தில் இருப்பவர் மாமியின் மச்சியாக இருப்பார். அஸருக்கு முன் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சின்ன வயதில் யாரையாவது ஏச வேண்டும் என்றால் "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று சொல்லித்தானே வளர்ந்தோம்? தனியாரிடம் போவதென்றால் பெரும்பாலானவர்கள் கொழும்பில், கண்டியில் இருக்கிறார்கள். அவர்களிலும் தமிழில் பேசக்கூடியவர்கள் குறைவு. மூதூரிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வாராவாரம் பஸ் ஏற முடியுமா? போனில் என்றால் தூரமும் இல்லை, வாங்கும் இல்லை. பெண்கள் ஒரு பெண் உளவளத்துணையாளரைத் தேடி எடுக்கலாம்.

எங்கள் சமூகத்துக்கு இது தேவையில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1990இல் உடுத்த உடுப்போடு வடக்கை விட்டு வந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பிள்ளையைக் கையில் பிடித்திருந்தும் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2019க்குப் பிறகு அபாயாவோடு பஸ்ஸில் ஏறப் பயந்தவர்கள், கொரோனா காலத்தில் வாப்பாவின் ஜனாஸாவை எரிக்கக் கொடுத்துவிட்டு இன்றும் தூங்காதவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் "சபூர் செய்" என்ற ஒரு சொல்லால் மூடி வைத்திருக்கிறோம்.

சபூர் என்றால் அழாமல் இருப்பது அல்ல. யூஸுஃபை நினைத்து யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. ஒரு நபிக்கு ஈமான் குறைவு என்று யாராவது சொல்வார்களா? மருத்துவம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது காய்ச்சலுக்கு மட்டுமல்ல. சுமார் 1100 வருடங்களுக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி ஒரு நூலே எழுதினார். கவலை, பயம், கோபம், வஸ்வாஸ் என்று பிரித்துப் பிரித்து விளக்கினார். 1284இல் கெய்ரோவில் கட்டப்பட்ட மன்ஸூரி வைத்தியசாலையில் மனநோயாளிகளுக்கும் தனி இடம் இருந்தது. ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. ஓதுங்கள், துஆ கேளுங்கள், அதோடு இதையும் செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்கச் சொன்னார்கள்?

சரி, தொடங்கினால் என்ன நடக்கும்?

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். மனநல வைத்தியர் வேறு, உளவியலாளர் வேறு, உளவளத்துணையாளர் வேறு. மருந்து எழுதுவது வைத்தியர் மட்டுமே, அவருக்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். மற்றவர்களிடம் எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம் செய்கிறீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. நல்லவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். பேஸ்புக்கில் பின்தொடர்பவர்கள் நிறைய இருப்பது தகைமை ஆகாது.

காசு விசயத்தையும் முதலிலேயே பேசுங்கள். எக்கவுண்டுக்குப் போட்டு சிலிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள், அது வழமை. வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், லைன் நடுவில் விழுந்தால் யார் திரும்ப எடுப்பது, பேசுவதைப் பதிவு செய்கிறார்களா என்பதையும் கேளுங்கள். மூன்றே அமர்வில் முழுச் சுகம் என்று உத்தரவாதம் தருபவர், பெரிய தொகையை மொத்தமாகக் கேட்பவர், இரவில் தனிப்பட்ட மெசேஜ் அனுப்புபவர், இவர்களிடமிருந்து விலகிவிடுங்கள்.

ஒரு அமர்வு பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா என்று கேட்பார்கள். அவசரத்துக்கு ஒருவரின் இலக்கமும் கேட்பார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்றும் கேட்பார்கள். பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். தற்கொலை முயற்சி இந்த நாட்டில் 1998இலிருந்து குற்றம் இல்லை.

சொன்னது வெளியே போகாது. ஆனால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்றால், அவர் மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டி வரலாம். இதை அவரே முதலில் விளக்க வேண்டும். விளக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அவர் புத்தி சொல்வார் என்று நினைத்துப் போகிறார்கள். "தலாக் கேட்கவா, இருக்கவா?" என்று கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார், திருப்பி உங்களிடமே கேட்பார். அது மௌலவியிடம் பத்வா கேட்பது போன்றதல்ல. நீங்கள் பேசப் பேச, உங்கள் முடிச்சை நீங்களே பார்க்க உதவுவதுதான் அவர் வேலை. இடைக்கிடை வீட்டு வேலையும் தருவார். தூக்க நேரத்தை எழுதி வைக்கச் சொல்லலாம், பயந்து தவிர்க்கும் ஒரு விசயத்தைச் சின்னதாகச் செய்து பார்க்கச் சொல்லலாம். செய்யாவிட்டால் ட்யூஷனுக்குக் காசு கட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறக்காத கதைதான்.

முதல் நாள் முடிந்ததும் மனம் லேசாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலருக்கு முதலில் இன்னும் பாரமாக இருக்கும், தலை வலிக்கும், அழுகை வரும். வருடக்கணக்கில் மூடி வைத்ததைத் திறந்தால் அப்படித்தான். நாலைந்து முறை பேசிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லிவிட்டு ஆளை மாற்றலாம். அதில் வெட்கம் இல்லை.

எல்லாவற்றுக்கும் போன் போதாது. காதில் குரல் கேட்கிறது என்பவர், நாட்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பவர், இப்போதே உயிரை விடப் போகிறேன் என்பவர், இவர்களை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போக வேண்டும். அடிக்கும் ஆளோடு ஒரே வீட்டில் இருப்பவரும் முதலில் தன் பாதுகாப்பைத் தேட வேண்டும். பக்கத்து அறையில் அவன் இருக்கும்போது அவள் எதைப் பேசுவாள்?

இனி வீட்டாருக்கு.

எங்கள் வீடுகளில் அறை இருக்கும், கதவுக்குப் பதில் சீலை தொங்கும். கதவு இருந்தாலும் சாத்தினால் சந்தேகம். "யாரோட பேசுறா?" என்று உம்மா காது கொடுப்பார். சின்னவன் சார்ஜர் தேடி உள்ளே வருவான். முடிந்து வெளியே வந்ததும் முதல் கேள்வி, "எங்கட வீட்டு விசயம் எல்லாத்தையும் சொல்லிட்டியா?" இப்படி இருந்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். காசும் போச்சு, தைரியமும் போச்சு. சில பிள்ளைகள் கடற்கரையில் நின்று பேசுகிறார்கள். காற்றுச் சத்தத்தில் பாதி கேட்காது.

கதவைச் சாத்துவது எங்கள் மார்க்கத்துக்கு அந்நியமா? ஸூரா அந்நூரை எடுத்துப் பாருங்கள். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையச் சொல்கிறது. ஒரே வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட பஜ்ருக்கு முன், நண்பகலில், இஷாவுக்குப் பின் என மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. ஒருவருடைய தனிமையை இவ்வளவு மதிக்கும் மார்க்கம் எங்களுடையது. வாரத்தில் ஒரு மணி நேரம் அதை எங்கள் பிள்ளைக்குக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்?

சின்னவர்களை மத்ரஸாவுக்கு அனுப்பும் நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒரு இயர்போன் வாங்கிக் கொடுங்கள். ஹோலில் டீவியை ஓட விடுங்கள். முடிந்ததும் "என்ன சொன்னாய்?" என்று கேட்காமல் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுங்கள். காசு கட்டுவது நீங்கள் என்பதற்காக அவரிடம் அறிக்கை கேட்காதீர்கள். கணவன்மாரே, இது உங்களுக்கும்தான். அங்கே பேசப்படுவது அமானிதம். உங்களைப் பற்றியும் ஏதாவது சொல்லப்பட்டிருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்வதும் அந்த வைத்தியத்தில் உங்கள் பங்கு.

காசு முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

கால் முறிந்த பிள்ளையை ஊரே பார்த்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மனம் முறிந்த பிள்ளைக்கு யாரும் பார்க்காத ஒரு அறை போதும். அதையாவது கொடுப்போம்.

நோயுற்ற எல்லா உள்ளங்களுக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். யாருடைய பெயரையும் குறிப்பிட வேண்டாம்.