பழைய வண்டியும் பத்தாயிரம் ரூபாயும்

சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாம், அருகிலுள்ள மேலநீலிதநல்லூரில் ஒரு சிநேகிதரையும் பார்த்து வரலாமென்று சென்றோம். உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். நமக்கு மூத்தவராகையால் அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். வாசலில் வேப்பமரத்தடியில் அவருடைய 1986ஆம் வருஷத்து வெள்ளை அம்பாஸிடர் நின்றது. அதன் மீட்டருக்கு ஐந்து இலக்கந்தான். லட்சம் கிலோமீட்டர் ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். "மூன்று ஜன்மம் முடிந்தது. இது நாலாவது" என்றார் அண்ணாச்சி.

வீட்டில் அன்று நடந்த வழக்கும் அந்த வண்டியைப் பற்றியதே. சொந்தக் காரின் பதிவு முதலில் பதினைந்து வருஷம் செல்லும். பிறகு ஐந்து வருஷத்துக்கொரு முறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வருஷம் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. பத்தாயிரத்தைக் கட்டுவதா, வண்டியை எடைக்குப் போடுவதா என்பது மகனின் கேள்வி. மருமகளோ, "குழந்தைகளை இதில் ஏற்றமாட்டேன், மாமா" என்று தீர்மானமாய்ச் சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சிக்கு அம்பாஸிடரிடம் உள்ள பற்று சாமானியமானதல்ல. 1942இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 மே வரையில் செய்துவந்த வண்டி அது. அதன் மூல உருவம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்று நாம் சற்றே விஷமமாக நினைவூட்டினோம். "பிறந்த இடம் எதுவானால் என்ன? வளர்ந்தது நம் ரோட்டில் அல்லவா!" என்றார்.

அவர் வண்டியைப் பேணும் விதத்தில் குறை சொல்ல வழியில்லை. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் எண்ணெய் அளவையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பார்த்துவிடுவார். கரிசல் சீமையின் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்து எஞ்சின் கொதிக்கும். ஆகவே வாலை வடித்த நீரும் கூலண்டும்தான் அவர் ஊற்றுவது.

புகையைப் பார்த்தே நோயைச் சொல்லவும் பழகியிருக்கிறார். கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகையாய்ப் போகிறது. நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சில வருஷங்களுக்கு முன் வண்டி நீலமாய்ப் புகைத்தபோது, டவுனிலிருந்த ஒரு பட்டறையில் எஞ்சினை முழுதும் பிரித்து பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டுமென்றார்களாம். அண்ணாச்சி அவசரப்படாமல் ஒரு வாரம் கவனித்தார். காலையில் கிளப்பும்போது மட்டுமே புகை. ஓடத் தொடங்கினால் இல்லை. ரிங் தேய்ந்திருந்தால் வழியெல்லாம் புகைய வேண்டுமே! இரவில் எண்ணெய் மெல்லக் கசிந்து இறங்குவது வால்வுத் தண்டின் வழியாகத்தான் என்று ஊகித்து, அங்குள்ள சிறு ரப்பர் வளையங்களை மட்டும் மாற்றச் செய்தார். புகை நின்றது.

இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. நாளடைவில் இளகியும் வெடித்தும் போகும். அந்தக் குழாய்களையும் அவர் முன்னதாகவே மாற்றிவிட்டார்.

இத்தனை சமர்த்தர் ஒன்றை மறந்தார். சென்ற ஆடித் தபசன்று குடும்பத்தோடு சங்கரன்கோவில் போகையில், ஜனக்கூட்டத்துக்கு நூறு கஜம் இருக்கும்போது பிரேக்கை மிதித்தார். கால் பலகை வரையில் இறங்கிவிட்டது! கை பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினாராம். பின்சீட்டில் குழந்தைகள் இருவர். பின் சக்கரத்துச் சிலிண்டரில் ரப்பர் தேய்ந்து எண்ணெய் முழுதும் ஒழுகியிருந்தது. அவர் வண்டியின் அமைப்பில் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

அதன்பின் அந்தச் சிலிண்டரை மட்டும் சரிசெய்து மீண்டும் ஓட்டத் தொடங்கிவிட்டார். இங்கேதான் நாம் மருமகள் கட்சியில் சேர்ந்தோம். ரப்பர் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை. நிறுத்தி வைத்தாலும் வயதாகும். பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவை உண்டாக்கும். இரண்டு வருஷத்துக்கொரு முறையேனும் அதை மாற்ற வேண்டும். ஒரு சிலிண்டர் போனால் அதே வயதுள்ள மற்றவற்றை எப்படி நம்புவது? எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும்; பிரேக் போனால் நிற்காதே!

"பத்தாயிரத்தைப் பிறகு கட்டுங்கள், அண்ணாச்சி. முதலில் நான்கு சக்கரத்துச் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அதற்கு மனமில்லையானால் மகன் சொல்வதே சரி" என்றோம்.

அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு மருமகளைக் கூப்பிட்டு, மெக்கானிக்குக்குப் போன் செய்யச் சொன்னார். எப்போதும் நம்மைக் காரில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுகிறவர், அன்று குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரையில் நம்மோடு நடந்தே வந்தார்.