மோட்டார் நம்முடையது, வேலை தோட்டத்துடையது. பெட்ரோல் காசு யாருடையது?

கெடா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருக்கும் வாசகர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விடியற்காலை பெரட்டு முடிந்ததும் அவருடைய மோட்டாருக்கு ஓய்வே கிடையாதாம். பத்தாம் நம்பர் காட்டில் ஆள் கணக்கு எடுக்க வேண்டும், ஸ்டோருக்குப் போய் மருந்து கொண்டு வர வேண்டும், அறுப்புக்காரருக்குக் கத்தி கொண்டு போக வேண்டும், மத்தியானம் ஆபீசில் கணக்குக் கொடுக்க வேண்டும். மோட்டார் அவர் தவணை கட்டி வாங்கியது. பெட்ரோலும் அவர் கைக்காசு. கிராணியிடம் மெல்லக் கேட்டிருக்கிறார். "அண்ணே, மோட்டார் வாங்கச் சொல்லி தொரையா சொன்னாரு? நீங்களாத்தானே வாங்கினீங்க" என்று பதில் வந்ததாம்.

"இதுக்குச் சட்டத்துல வழி இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்கிறார்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுவோம். தீபகற்ப மலேசியாவில் நமக்குப் பொருந்துவது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சொந்த வண்டியை வேலைக்கு ஓட்டினால் முதலாளி பெட்ரோல் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் ஒரு பிரிவும் இல்லை. "அப்போ ஒன்னும் கிடையாது" என்று எழுந்து போய்விடாதீர்கள். சட்டம் கட்டாயப்படுத்தாததை வேலை ஒப்பந்தம் கட்டாயப்படுத்தலாம். நம்முடைய வழி அங்கேதான் இருக்கிறது.

பழைய நாளில் இந்தப் பேச்சே எழவில்லை. காண்டாக் கம்பில் இரண்டு வாளி மாட்டித் தோளில் சுமந்துதான் பால் ஸ்டோருக்குப் போயிற்று. பெட்ரோலுக்குப் பதில் தோள்பட்டை தேய்ந்தது, அவ்வளவுதான். பிறகு சைக்கிள் வந்தது, அதன் பிறகு மோட்டார். லயத்தில் குடியிருந்தவர்களில் பலர் இப்போது பக்கத்துத் தாமானில் இருக்கிறார்கள். தோட்டத்து லோரி வந்து ஏற்றிக்கொண்டு போவதும் பல இடங்களில் நின்றுவிட்டது. சுமக்கும் செலவு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலாளி பாக்கெட்டுக்கு மாறியது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்த விஷயமல்ல இது. பேசாமல் நடந்ததால்தான் இப்போது கேட்பவனைப் பார்த்து "புதுசா என்னா கேக்குற?" என்கிறார்கள்.

கேட்கப் போகுமுன் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து பெரட்டுக்களத்துக்கு வருவது ஒரு பயணம். வேறு பேச்சு இல்லாதவரை அது நம் சொந்தச் செலவுதான். பெரட்டு முடிந்த பிறகு தோட்டம் அனுப்பி ஓடுகிற ஓட்டம் வேறு பயணம். அது வேலை நேரம், ஏவியவர் முதலாளி, வேலையும் அவருடையது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்க் கேட்டால் இரண்டும் போய்விடும். மண்டோர் ஐயா கேட்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

அந்தச் செலவு என்ன தேறும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 24 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 624 கிலோமீட்டர். செம்மண் பாதையில் சுமையோடு போகிற மோட்டார் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் 20.8 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பர் 30-ல் தொடங்கிய பூடி 95 திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் மாதம் 41 வெள்ளி 39 காசு, வருஷத்துக்கு ஏறக்குறைய 500 வெள்ளி. டயர், செயின், எஞ்சின் எண்ணெய் இதில் சேரவில்லை. தோட்டத்துக் கல்லுப் பாதையில் டயர் எத்தனை மாதம் தாங்கும் என்பது ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

அந்த விலைக்கு மைகார்டோடு செல்லுபடியாகும் ஓட்டுநர் லைசென்சும் வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுகிறோம் என்று லைசென்சைக் காலாவதியாக விட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம்மோடு குலை அறுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அந்த விலை கிடையாது. திட்டம் தொடங்கியபோது மானியம் இல்லாத விலை 2 வெள்ளி 60 காசு. அதே ஓட்டத்துக்கு அவருக்கு 54 வெள்ளி 8 காசு ஆகும். கேட்கும்போது அவரையும் சேர்த்துக்கொண்டு கேட்பதே நியாயம்.

உரிமை எங்கே இருக்கிறது என்று தேடுவோம். வேலைக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பயணப்படி, மோட்டார் அலவன்ஸ், பெட்ரோல் என்று எந்தச் சொல் இருந்தாலும் அது பிடி. அதில் இல்லாவிட்டால் கூட்டு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் தோட்டம் மாப்பாவில் உறுப்பாக இருந்தால், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கும். தொழில் நீதிமன்றம் ஏற்றுப் பதிந்த ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டும். தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் அது சேர்ந்துவிடும். சங்கத் தலைவரிடம் நகல் கேளுங்கள், கொடுக்க வேண்டியது அவர் கடமை. பல வருஷமாகக் கொடுத்து வந்த காசைத் திடீரென நிறுத்தியிருந்தால் பழைய சம்பளச் சீட்டுகளே சாட்சி. கொன்ட்ராக்டர் கீழே வேலை செய்பவர்கள் தோட்டத்து ஆபீசில் போய் நிற்பதில் பலன் குறைவு. சம்பளம் யார் கொடுக்கிறாரோ அவரிடம்தான் பேச வேண்டும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. பெட்ரோல் காசு கிடைக்காததைவிட இது பெரியது என்பது நம் கருத்து. சட்டத்தில் பயணப்படி சம்பளம் என்ற கணக்கில் வராது. வேலையின் தன்மையால் ஏற்படும் தனிச் செலவுக்காகக் கொடுப்பதும் வராது. ஊழியர் சேமநிதிக்கும் பயணப்படியில் பிடித்தம் இல்லை. அதனால் சில இடங்களில் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து "பெட்ரோல் அலவன்ஸ்" என்று பேர் சூட்டிவிடுகிறார்கள். "சேமநிதி பிடிக்கல, கையில முழுசா வருது" என்று நம் ஆட்களும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். 200 வெள்ளிக்கு அப்படிப் பேர் மாறினால் நம் பங்கு 11 விழுக்காடு, 22 வெள்ளி. அது கையில் வருவது உண்மைதான். ஆனால் முதலாளி போட வேண்டிய 13 விழுக்காடு, 26 வெள்ளி, மாதா மாதம் காணாமல் போகிறது. இரண்டும் சேர்ந்து வருஷம் 576 வெள்ளி சேமநிதிக்குப் போகாது. ஓவர்டைம் கணக்கும், பொதுவிடுமுறைச் சம்பளமும் அந்த அளவுக்குக் குறையும்.

குறைந்தபட்ச சம்பளத்திலும் இதே வித்தைதான். 2022 மே முதல் 1,500 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து. சீட்டில் அடிப்படை 1,500, பெட்ரோல் 200 என்று எழுதி "1,700 கொடுத்தாச்சு" என்றால் அது கொடுத்ததாகாது. எடைக்கணக்கில் சம்பளம் வாங்குவோருக்கும் பெட்ரோல் காசைச் சேர்த்து இதை ஈடுகட்ட முடியாது. முன்பு உண்மையாகவே கொடுத்து வந்த பெட்ரோல் காசை, சம்பளம் கூடியதைச் சாக்காக வைத்து, நம் சம்மதம் இல்லாமல் வெட்டினாலும் சும்மா விடக் கூடாது.

விபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலையோடு நேரடித் தொடர்புள்ள பயணத்தில் அடிபட்டால் சொக்சோவில் கோரலாம். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் போகும் வழிக்கும் இது பொருந்தும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலை விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் யார் அனுப்பினார், எதற்காகப் போனோம் என்று காட்ட முடியாவிட்டால் இழுபறிதான்.

ஆகவே மண்டோர் ஐயா, இன்றைக்கே பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுங்கள். தேதி, அனுப்பியவர், எங்கிருந்து எங்கே, மீட்டர் எண், நேரம் இவற்றை அன்றன்றே எழுதுங்கள். மாசக் கடைசியில் உட்கார்ந்து யோசித்து எழுதினால் மையே காட்டிக்கொடுத்துவிடும். பெட்ரோல் ரசீதை அதிலேயே ஒட்டுங்கள். ஒரு மாதம் சேர்ந்ததும், இரண்டு மூன்று மண்டோர்கள் கையெழுத்தோடு கடிதமாகத் துரைக்குக் கொடுங்கள். நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டு, அல்லது ஒப்பந்தத்தில் இருந்தும், கொடுக்கவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் 69ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். சம்பளம் மட்டுமல்ல, ஒப்பந்தப்படி வர வேண்டிய வேறு ரொக்கத்தையும் அங்கே விசாரிப்பார்கள். வக்கீல் வைக்கத் தேவையில்லை. நோட்டு, சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம் மூன்றையும் கொண்டு போங்கள்.

எழுத்தில் எதுவுமே இல்லாத தோட்டமாக இருந்தால் இலாகாவுக்குப் போகுமுன் சங்கக் கிளைக் கூட்டத்தில் இதை வையுங்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் அந்த நோட்டு வேண்டியிருக்கும்.