கப்பலேற்றி விட்டு மறந்தோம்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடியாமல் இன்றும் நீடித்திருந்தால் நம் தமிழ் என்னவாகியிருக்கும்? இதற்குக் கற்பனைக் கதை வேண்டாம். பிரெஞ்சுக் கொடி இறங்காத ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் விடை இருக்கிறது. அங்கே போனவர்கள் நம்மவர்கள். எட்டிப் பார்க்காதவர்கள் நாம்.

1848-இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஏழைகளைக் கப்பலேற்றினார்கள். ஆசை வார்த்தை பேசி ஆள் சேர்த்துக் கொடுத்த மேஸ்திரிகளும் தமிழர்களே. பிரான்சைக் குறை சொல்லும்போது இதை நாம் விழுங்கிவிடுகிறோம்.

மொழியை அழிக்கும் வேலையைப் பிரான்ஸ் தன் வீட்டிலேயே பழகியிருந்தது. வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்க வேண்டும் என்று 1794-இலேயே கிரெகுவார் பாதிரியார் அறிக்கை வைத்தார். பின்னாளில் பள்ளியில் வட்டார மொழியான பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் அவமானச் சின்னத்தைத் தொங்கவிட்டார்கள். ஒரே தேசம், ஒரே மொழி. தீவுகளுக்கு அந்தக் கொள்கை உரிமையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. குவாதலூப்பில் ஆன்றி சிதம்பரம் இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904-இல் தொடங்கி 1923 வரை போராடி வென்றார். மகத்தான வெற்றி அது. ஆனால் பிரான்சின் குடியரசில் சமமாக நிற்கப் பிரெஞ்சு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தெருவில் கிரியோல். தமிழுக்குக் கோயில் மட்டுமே மிஞ்சியது. பொருள் தெரியாத நிலையிலும் பூசாரிகள் தமிழ்ப் பாடல்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து, பிரெஞ்சு எழுத்தில் நோட்டுகளில் எழுதிவைத்து, தலைமுறை தாண்டிக் காத்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? 1965-இல் மொழிக்காக உயிரையே கொடுத்த சமூகம் நாம். 1970-இல் உலகத் தமிழ் மாநாட்டைப் பாரிசிலேயே நடத்தினோம். 1989-இல் மொரீஷியசில் கூடினோம். அங்கிருந்து ரியூனியன் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். இவ்வளவு அருகே போயும் அந்தத் தீவுகள் நம் மேடைகளில் ஒரு கவலையாக எழவில்லை. தனி மனிதர்கள் சிலர் உழைத்தார்கள், உண்மை. சமூகமாக நாம் உழைக்கவில்லை. தமிழ் பேசாதவர் எப்படித் தமிழர் என்று கேட்டு, இழந்தவர்கள் மீதே பழியையும் போட்டோம்.

புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சும் ஒருசேர அறிந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உங்களைத்தான் கேட்கிறோம்: தீவுகளின் பூசாரிகளிடமிருந்து அந்த நோட்டுப் பாடல்களைக் கேட்டு வாங்குங்கள், தமிழ் எழுத்தில் எழுதி, பிரெஞ்சில் பொருள் சேர்த்து அவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள். பாடத் தெரிந்த மூத்த பூசாரிகள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.